பெடலுக்கும் தரைக்கும் நடுவே

'அவசரம்' என்பதுதான் அந்த மெக்கானிக்குக்குக் கூப்பிடு பெயர். நின்றுகொண்டே சாப்பிடுவார், நடந்துகொண்டே பல் தேய்ப்பார். லாரிக்காரர் கோளாறைப் பாதி சொல்லும்போதே வண்டிக்கு அடியில் போய்விடுவார். மீதியை அவருடைய கால்களிடம்தான் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் வண்டியை அவரேதான் ஓட்டிப் பார்ப்பார். இன்னொருவரை ஓட்டவிட்டுப் பக்கத்தில் கைகட்டி உட்கார அவரால் ஆகாது.

அந்த வாரம் அவருக்கு இருப்பே கொள்ளவில்லை. அக்கா வீட்டுக்காரர் ஓட்டும் லாரி மறுபடியும் பட்டறைக்கு வந்து நின்றது. கியர் போட்டால் கரகரவென்று கடிக்கிறது. இஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டால் வழுக்கிக்கொண்டு விழுகிறது. அப்படியென்றால் கியர்பாக்ஸ்மேல் பழியில்லை, பெடலை மிதித்ததும் இஞ்சினிலிருந்து கியரைப் பிரித்துவிட வேண்டிய கிளட்ச்தான் முழுசாக விடவில்லை. முதலில் கிளட்ச் பிளேட்டை மாற்றினார். அப்புறம் கிளட்ச் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று அந்தக் காற்றை எடுத்துவிட்டார். பிறகு பெடலுக்குப் பின்னால் இருக்கும் சிலிண்டரையே மாற்றினார். ஒவ்வொரு தடவையும் அவர் ஓட்டிப் பார்த்தபோது வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. மாமா கைக்குப் போனதும் பழையபடி முரண்டு பிடித்தது.

லாரி முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: இந்தத் தடவையும் சரியாகவில்லை என்றால் டிரைவரை மாற்றிவிடுவார். மாமாவுக்கு அந்த சீட்டை விட்டால் வேறு பிழைப்பு தெரியாது. அக்கா விடிந்ததும் போன், மத்தியானம் போன். எப்பாடுபட்டாவது வண்டியில் ஒரு குறையைப் பிடித்துக் காட்டிவிட வேண்டும் என்று மெக்கானிக் ஆலாய்ப் பறந்தார். பறந்ததில் ஸ்பேனர் நழுவிக் கட்டைவிரல் கிழிந்தது. கையில் கட்டு. வேறு வழியில்லாமல் மாமாவை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறினார்.

மாமா கியரைத் தள்ளினார். கரகரவென்றது. சும்மா உட்காரத் தெரியாத மனிதருக்குக் கண்ணாவது எங்காவது மேய வேண்டுமே. அது கீழே போயிற்று. மாமாவின் இடது கால் பெடலை மிதித்தது, பாதியில் நின்றது. பெடலுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் போகும். அடுத்த கியருக்கும் அதே நாலு விரல். மாமா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்குக்குக் குப்பென்று வியர்த்தது. கொஞ்ச நாளாகவே மாமா கேபினிலிருந்து கம்பியைக் கட்டிப்பிடித்துத் தடவித் தடவி இறங்குகிறார். புதுப்பெண் மாதிரி இறங்குகிறார் என்று பட்டறையே சிரிக்கக் கிண்டல் செய்தவர் இவர்தான்.

"மாமா, முழுசா மிதிங்க."

"மிதிச்சுட்டுதான் இருக்கேன்."

"இல்ல மாமா. முட்டி நீளல."

மாமா வண்டியை ஓரங்கட்டினார். முட்டி மடங்கினது மடங்கினபடி இருக்கிறது, வலி உயிரை எடுக்கிறது, வீட்டிலும் சொல்லவில்லை என்றார். ஒவ்வொரு சாமானாக மாற்றும்போதும், ஒருவேளை வண்டியில்தான் கோளாறோ என்று அவரே நம்பினாராம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பெடல் பாதி மிதிச்சாலே விடுற மாதிரி முறுக்கி வச்சுக் குடு மாப்ள. யாருக்கும் தெரியாது."

செய்யலாம், ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. ஆனால் அப்படி முறுக்கினால் கிளட்ச் முழுசாகப் பிடிக்காது. பாரத்தோடு மேட்டில் ஏறும்போது வழுக்கும். இஞ்சின் அலறும், வண்டி பின்னால் வரும். பின்னால் யார் வண்டி நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

முதலாளியின் போன் வந்தது. இன்னொரு சாமான் மாற்ற வேண்டும் என்று சொன்னால் நாலு நாள் தள்ளிப்போகும். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. மாமா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டில ஒரு குறையும் இல்லங்க," என்றார் மெக்கானிக்.

சொன்னதும் அக்கா குடும்பத்தைத் தன் கையாலேயே தெருவில் இறக்கிவிட்டதுபோல இருந்தது. மாமா இஞ்சினை அணைத்தார். கியர் கம்பியை மெல்லத் தள்ளினார். அது சத்தமில்லாமல் விழுந்தது.

"பாரு மாப்ள," என்றார். "நிக்கும்போது எவ்ளோ அழகா விழுது."