லவோன் துடைத்த மூலை

அமெரிக்காவின் ஷெபாய்கன் ஊரில் டுவேன் ஷ்மிட்கேயின் காதுக்குத் தனி மரியாதை இருந்தது. ஊர் என்றால் முழு ஊரும் இல்லை. வீட்டுக்கு அடியிலுள்ள நிலவறையில் சோபா போட்டு, இருட்டாக்கிப் படம் பார்க்கிற ஆறேழு பேர். சனிக்கிழமைக்கு ஒரு வீடாகச் சுற்றி வருவார்கள். எவன் படச் சத்தத்தை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துவிடும் புது ரிசீவர் வாங்கினாலும் டுவேன் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்து, ரிமோட்டை அமுக்கிச் சரிசெய்து கொடுக்கவேண்டும். டிவி நிகழ்ச்சி ஒரு ரகச் சத்தம், டிஸ்க்கில் வரும் படம் வேறு ரகம், வெறும் பாட்டு இன்னொரு ரகம். ஒன்றில் சப்வூஃபர் என்ற அடிச்சத்தப் பெட்டி உறுமும், மற்றதில் முனகும். ஒவ்வொரு ரகத்துக்கும் அந்த அடிச்சத்தத்தை, அதாவது பேஸை, தனித்தனியாக ஏற்றி இறக்கி ரிசீவரில் பதிந்துவைக்கலாம். எதைப் போட்டாலும் அடி ஒரே கனத்தில் விழவேண்டும், அதுதான் வித்தை. சத்தத்தை அளந்து சொல்ல இதற்கென்றே பெட்டியோடு ஒரு மைக் தருகிறார்கள். டுவேன் அதைத் தொடமாட்டான்.

"மைக்கெல்லாம் காதில்லாதவனுக்குடா," என்பான்.

அவன் மனைவி லவோன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சர்ச் பாடகர் குழுவில் கீழ்க்குரல் அவளுடையது. இரைந்து பேசத் தெரியாது. அவளைத்தான் இவன் கேலிப்பொருளாக்கினான்.

ஒரு சனிக்கிழமை, நண்பர்கள் நிறைந்திருந்தபோது, சீஸ் தட்டோடு கீழே வந்தவளைப் பிடித்து நடு நாற்காலியில் உட்காரவைத்தான். ஒரு சண்டைக் காட்சியைப் போட்டான். "சொல்லு லவோன், பேஸ் எப்படி இருக்கு?"

அவனைச் சந்தோஷப்படுத்தத்தான் அவள் சொன்னாள்: "அடேயப்பா, அடிவயிறே அதிருது!"

சப்வூஃபரின் வயரை அவன் முன்னமே பிடுங்கி வைத்திருந்தான். ஆறு ஆண்களும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். கர்ட் என்பவன் பியரைக் கார்ப்பெட்டில் சிந்தினான், அதையும் அவளே குனிந்து துடைத்தாள். அதோடு விட்டானா? கல்யாண வீடு, கிரில் விருந்து என்று போகிற இடமெல்லாம் இதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கவைத்தான். சர்ச்சில் பாட்டு வாத்தியாரிடமும் போய், "இவளையா பாட விடுறீங்க? அடிவயிறு அதிருதாம்!" என்றான். லவோன் அடுத்த ஞாயிறிலிருந்து பாடப் போகவில்லை. ஏன் என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சப்வூஃபரின் முதுகில் ஒரு திருகு உண்டு. எந்த ரகச் சத்தமானாலும் மொத்தமாகக் கூட்டும், குறைக்கும். டுவேன் அதை வாங்கிய அன்று வைத்ததோடு சரி, பிறகு எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அந்த மூலைக்குத் தூசு துடைக்கப் போகிறவள் லவோன் ஒருத்திதான்.

ஒருநாள் துணியோடு சேர்த்து அதைக் குறைக்கிற பக்கமாக ஒரு திருகு திருகினாள்.

அன்று டுவேன் டிஸ்க் போட்டான். பேஸ் போதவில்லை. அந்த ரகத்துக்கு மட்டும் ஏற்றிப் பதிந்தான். மறுநாள் அவள் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். பாட்டு ஒழுங்காகக் கேட்டது, டிஸ்க் போட்டால் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அவன் டிஸ்க்கை இறக்கினான். அவள் மறுபடி திருகினாள். இப்போது டிவி முனகியது. குளிர்காலம் முழுக்க இதே பிழைப்பு. வயரை மாற்றினான், கார்ப்பெட்டைப் பெயர்த்தான், சோபாவை நகர்த்தினான். மாடியில் லவோன் உருளைக்கிழங்கு உரித்தபடி, கீழே அவன் தன்னைத்தானே திட்டிக்கொள்வதைக் கேட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்?

அவன் வீட்டு முறை வந்த சனிக்கிழமை, நண்பர்கள் வருமுன் லவோன் மூலையை இன்னொரு தடவை துடைத்திருந்தாள்; படம் தொடங்கியதும் அலமாரிச் சாமான் எல்லாம் கடகடத்தது. கர்ட் காதைப் பொத்திக்கொண்டான்.

"டேய், என்னடா இது? இடி இறக்கிட்டியா?"

"டிஸ்க்குல அப்படித்தான் பதிஞ்சிருக்கான்," என்றான் டுவேன். குரலில் பிசிறு.

கர்ட் பெட்டியைக் குடைந்து மைக்கை எடுத்து நாற்காலியில் வைத்தான். ரிசீவர் தானாக அளந்தது. "டிஸ்க் மட்டும் எங்கேயோ ஏறிக் கிடக்குடா! உனக்கு இது கேக்கவேயில்லையா? என் வீட்டையும் நீதானே செட் பண்ணுன? நாளைக்கே மைக் வெச்சுப் பாக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். டுவேனும் சிரித்தான்.

அவர்கள் போனபின் சமையலறைக்கு வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"லவோன், மறைக்காம சொல்லு. எனக்குக் காது போகுதா?"

சத்தத்தைப் பற்றி அவன் அவளிடம் நிஜமாகக் கேட்ட முதல் கேள்வி அது. கையில் துடைக்கிற துணியோடு நின்றாள். இத்தோடு போதும், சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தாள்.

"ரொம்ப நாளாவே எனக்குத் தெரியும்," என்றாள். "உன் மனசு நோகுமேன்னுதான் சொல்லல."

அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "டாக்டரைப் பாக்கட்டுமா?"

"டாக்டர் என்ன பண்ணுவாரு? வயசானா வர்றதுதானே. விடு."

"சரி," என்றான். ஆயுசில் அவள் பேச்சுக்கு அவன் சரி சொன்னது கிடையாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "யார்கிட்டயும் சொல்லிடாத, என்ன?"

"நான் ஏன் சொல்லப்போறேன்?"

வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்கு நண்பர்கள் கூட்டத்தோடு ஒரு ஹோட்டலுக்குப் போனார்கள். பரிமாறுகிற பெண் வந்து, பெர்ச் மீன் வேண்டுமா என்று கேட்டாள். டுவேன் வாயைத் திறப்பதற்குள் லவோன் அவன் காதுப்பக்கம் சாய்ந்து, அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"பெர்ச் மீனு வேணுமான்னு கேக்குறா, டுவேன்! பெர்ச்!"

கர்ட் தன் தட்டைப் பார்த்துக்கொண்டான். பரிமாறுகிறவள் சொன்னது டுவேனுக்கு முதல் தடவையே தெளிவாகக் கேட்டிருந்தது. ஆனாலும் அவன் தலையை ஆட்டி, அவள் முழங்கையைத் தட்டிக்கொடுத்து, "நல்லவேளை நீ கூட இருக்கே," என்றான்.