சீமை மோட்டார் விற்றவர்

நான் பாளையங்கோட்டையில் வக்கீலாக இருந்தபோது சந்தித்த மோட்டார் வியாபாரி அவர். எந்தக் கம்பெனியையும் சாராமல், தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கும் சீமை வண்டிகளைத் தாமே வாங்கி விற்பார். பஞ்சகச்சத்தின் மேல் கோட்டு, முறுக்கிய மீசை. எதைக் கேட்டாலும், பதில் சொல்லுமுன் வண்டியின் விளக்கைத் துண்டால் துடைப்பார். நான் கேட்ட கேள்விகளில் விளக்கு பளபளவென்று ஆகிவிட்டது.

கோர்ட்டுக்கு மோட்டாரில் வரப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தேன். வாங்குமுன் ஓட்டிக் காட்டச் சொன்னேன். சேரன்மகாதேவி சாலையில் பாதி வழியில் வண்டி இருமிவிட்டு நின்றது.

"என்ன வே, நின்னுட்டுதே?"

விளக்கைத் துடைத்தார். "நிக்கல ஐயா, நிறுத்தியிருக்கேன். பிரேக்கு எப்படிப் பிடிக்குன்னு நீங்க பாக்கணும்லா?"

பிரேக் மிக நன்றாகவே பிடித்தது. ஒரு மணி நேரம் விடவில்லை. கடைசியில், உழுதுவிட்டுத் திரும்பிய ஒருவர் தம் காளைகளை மோட்டாரில் பூட்டினார்.

"சத்தமே இல்ல, பாத்தீங்களா? பைய போனா இப்படித்தான் சொகுசாப் போகும்" என்றார் வியாபாரி.

கோபத்தில் இறங்கி நடந்திருப்பேன். ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் கடைக்காரர்கள் எழுந்து என்னைக் கும்பிட்டார்கள். எப்போதும் எனக்கு எதிராக வாதாடும் வக்கீல்கூடக் குடையைத் தாழ்த்தினார். காளைகள் யார் கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை. நானும் பெருந்தன்மையோடு தலையசைத்தேன்.

வீட்டு வாசலில், "வேண்டாம்னா திருப்பிக் கொண்டுபோயிருதேன் ஐயா" என்றார்.

வேண்டும் என்றேன்.

மனிதர்களைக் குறுக்கு விசாரணை செய்வதுதான் என் தொழில். ஆனால் அவர் என்னை எடைபோட்ட வேகத்தில் நான் ஒரு சாட்சியையும் எடைபோட்டதில்லை.