ஹலோ மாமாவின் காது

மைக்கை யாராவது வாயால் ஊதிப் பார்த்தால் ஹலோ மாமாவுக்குப் பொறுக்காது. "அது என்ன அடுப்பா?" என்று கேட்டபடியே கையிலிருந்து வாங்கிக்கொள்வார். சுட்டுவிரல் நகத்தால் ஒரே ஒரு தட்டு. பிறகு தலையைச் சற்றுச் சாய்த்து "ஹலோ" என்பார். ஒன், டூ, த்ரீ எல்லாம் அவரிடம் கிடையாது. அந்த ஒற்றை ஹலோ கடைசி வரிசை நாற்காலிவரை போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு, ஏதோ சொல்ல வந்து மறந்துவிட்டவர் மாதிரி மைக்கை ஸ்டாண்டில் செருகிவிட்டு இறங்கிவிடுவார். தெருப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் அது. இப்போது ரசீது புத்தகத்தில்கூட அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்.

தொழில், மைக் செட் வாடகைக்கு விடுவது. வீட்டின் முன்னறை முழுக்க ஸ்பீக்கர் பெட்டிகள். விருந்தாளி வந்தால் ஒரு பெட்டியின் மேல்தான் உட்கார வேண்டும். "இந்த வீட்டுல மனுஷங்களுக்கு இடமில்ல, சத்தத்துக்குத்தான் இடம்" என்பார் அவர் மனைவி. குடும்ப விசேஷங்களுக்கும் கூப்பிடுவார்கள் என்றாலும் சோறு போடுவது அரசு விழாக்கள்தான். அடிக்கல் நாட்டுவது, திறந்து வைப்பது, தொடங்கி வைப்பது, தொடங்கி வைத்ததை மறுபடி தொடங்கி வைப்பது என எதுவானாலும் அவருடைய மூன்று சக்கர வண்டி முதல் ஆளாய் வந்து நிற்கும்.

கூட்டத்துக்கு வருகிறவர்கள் பேச்சு நீண்டால் எழுந்து போகலாம். மேடையில் இருப்பவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கலாம். ஹலோ மாமா இரண்டும் செய்ய முடியாது. காதில் ஹெட்போனும் கையில் குமிழுமாக எல்லாவற்றையும் கேட்டுத் தீர வேண்டும். பேசுகிறவர்களே தங்கள் பேச்சை அவ்வளவு கவனமாய்க் கேட்டிருக்க மாட்டார்கள். இத்தனை கேட்டதில் அவருக்கென்று சில முடிவுகள் உண்டு.

"கொரல் எதிரொலிக்கணும்னு எக்கோ கேக்கறாங்கன்னா உள்ள சரக்கு இல்லன்னு அர்த்தம். தேதி சொல்றவன் எக்கோ கேக்க மாட்டான்" என்பது ஒன்று. இன்னொன்று மீட்டரைப் பற்றியது. பேச்சின் சத்தத்துக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபயரில் ஒரு முள் ஆடும். "'விரைவில்'னு சொல்லும்போது மட்டும் எல்லாரும் மைக்க விட்டுக் கொஞ்சம் பின்னாடி போவாங்க, கவனிச்சிருக்கீங்களா? கட்சி வேத்துமையே கிடையாது. என் முள்ளு சட்டுனு படுத்துக்கும்."

இதை வைத்து அவரைக் குறை சொல்லியே காலம் தள்ளும் ஆசாமி என்று நினைத்துவிடக் கூடாது. தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்தபோது, வந்தது என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர். "வந்தத வந்துச்சுன்னு சொல்லணும்ல? அப்பத்தானே வராதத வரலன்னு சொல்ல வாயிருக்கும்" என்பார். ஆனால் அந்த வராததை இதுவரை தெருவில்தான் சொல்லியிருக்கிறார். இத்தனை வருடத்தில் மைக்கில் அவர் சொன்னது அந்த ஒரு ஹலோதான்.

வராததில் முதலாவது, ரயில் பாதைக்கு மேலே கட்டித் தருவதாகச் சொல்லியிருந்த நடைபாலம். வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம். அதைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே சலவைக்கூடத்தில் அவர் மனைவிக்கு வேலை. சுற்றிப் போவதென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். ஆகவே வேலியில் உள்ள சந்து வழியாகத்தான் பாதித் தெரு போய் வருகிறது. மனைவிக்கு முட்டிவலி. ரயிலோ வளைவில் திரும்பிய பிறகுதான் கண்ணில் படும். அதனால் தினமும் காலையில் ஹலோ மாமா வேலியோரம் நிற்பார். வலது உள்ளங்கையைக் குவித்துக் காதோரம் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். வளைவுக்கு அப்பால் வரும் ரயில் அவர் காதுக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிடும். "ம், போ" என்ற பிறகுதான் அந்த அம்மாள் காலை எடுத்து வைப்பார். போன மழைக்காலத்தில் ஒரு நாள் நடுத்தண்டவாளத்தில் முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டார். ஓடிப்போய் அள்ளித் தூக்கி வந்தார் மாமா. அன்றிலிருந்து அவருக்குப் பயம். அந்தச் சில நிமிடங்களுக்காக விடியலிலேயே எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

பாலமும் ஒருவழியாக எழும்பியது. இந்தப் பக்கம் படிக்கட்டு, மேலே அழகான கைப்பிடி, நீலப் பெயிண்ட். அந்தப் பக்கம் படிக்கட்டு மட்டும் இல்லை. பாலம் அந்தரத்தில் ஒரு தகரத் தடுப்போடு முடிந்தது. விசாரித்ததில், அந்தப் பக்கத்து நிலம் வேறு துறையாம். அவர்கள் படிக்கட்டு விரைவில் வருமாம். அதற்காகத் திறப்பு விழாவைத் தள்ளிப்போட முடியுமா? விருந்தினர் ஏறி, நடுவில் நின்று கையசைத்துவிட்டு, ஏறிய வழியே இறங்குவதாக ஏற்பாடு.

விழாவுக்கு முந்தைய மாலை, சத்தம் சரிபார்க்கப் போன மாமாவை விழாப் பொறுப்பு அதிகாரி தோளில் கைபோட்டு ஒதுக்குப்புறமாய் அழைத்துப் போனார். "பயனாளி ஒருத்தர் ரெண்டு வார்த்தை பேசணும். உங்க வீட்டம்மாவே பேசட்டுமே. தெனம் அந்தப் பக்கம் போறவங்கதானே? நன்றி மட்டும் சொன்னாப் போதும்." தலையாட்டிவிட்டு வந்தார் மாமா. ஆட்டாமல் வந்திருந்தால் அடுத்த விழாவுக்கு வேறு வண்டி வந்து நின்றிருக்கும்.

"பாதிப் பாலத்துக்குப் பாதி நன்றி சொன்னாப் போதுமாங்க?" என்று கேட்டார் மனைவி, துணி மடித்தபடி.

"கிண்டலெல்லாம் வேணாம்மா. நன்றி, வணக்கம்னு ஒழுங்கா சொல்லிட்டு எறங்கிடு. அவங்க கூப்புட்டாத்தான் நம்ம அடுப்பு எரியும்."

அந்த அம்மாள் மடித்த துணியை உதறி மறுபடி மடித்தார். 

மறுநாள் கூட்டம் நன்றாகவே இருந்தது. இணைப்பின் புதிய யுகம் என்றார் ஒருவர். இனி இந்த மக்கள் தண்டவாளத்தை மிதிக்க வேண்டிய அவசியமே இல்லை என்றார் இன்னொருவர். எக்கோ தாராளமாக ஓடியது. பிறகு பயனாளியைக் கூப்பிட்டார்கள். மனைவி முட்டியைப் பிடித்துக்கொண்டு மேடையேறுவதைப் பார்த்த மாமா, எக்கோ குமிழை அடிமட்டத்துக்குத் திருகினார். மெல்லிய குரல், எக்கோ போட்டால் ஒரு சொல்லும் மிஞ்சாது.

"எல்லாருக்கும் வணக்கம். பாலத்துக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க, சொல்றேன். நல்ல பாலம். காலையில ஏறிப் பாத்தேன். அந்தப் பக்கம் எறங்க வழியில்ல, திரும்பி வந்துட்டேன்."

கூட்டம் சிரித்தது. மாமாவின் கை தானாகச் சத்தக் குமிழின் மேல் போய் உட்கார்ந்தது.

"சிரிக்காதீங்க. நாளைக்கும் நான் தண்டவாளத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகணும். ரயில் வருதான்னு எங்க வீட்டுக்காரர்தான் நின்னு கேட்டுச் சொல்லுவாரு. அவருக்கும் வயசாகுது. அவரு காது மந்தமாகிறதுக்குள்ள அந்தப் படியக் கட்டிக் குடுத்துடுங்க."

சிரித்தவர்கள் பாலத்தின் தகரத் தடுப்பை அண்ணாந்து பார்த்தார்கள். மேடை ஓரத்திலிருந்து அதிகாரி இரண்டு கையையும் வீசினார். "மைக்க ஆஃப் பண்ணுங்க! ஆஃப் பண்ணுங்க!"

மாமா குமிழிலிருந்து கையை எடுத்தார். வலது உள்ளங்கையைக் குவித்துக் காதோரம் வைத்து, அதிகாரியைப் பார்த்துக் கேட்கவில்லை என்று தலையாட்டினார்.