நீலச் சொட்டும் நீல வாளியும்

போன செவ்வாய்க்கிழமை காலை. திராட்சைக்கு மருந்தடிக்கப் பம்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், என் மனைவி மங்கை நீல வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறாள். ஒரு கையில் வாளியிலிருந்து அள்ளிய கிண்ணம். மறு கையில் பஞ்சு.

பஞ்சு கன்னத்துக்குப் போகிறது...

"இஞ்சேர்! வையும் அதைக் கீழை!"

நான் சத்தம் போட்டுக் கதைக்கிற ஆளில்லை. பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கியவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

வாளியில் இருந்தது மயில்துத்தம் என்கிற செம்பு உப்பு. கரைத்தால் நல்ல நீலம். அதோடு சுண்ணாம்புப் பாலைக் கலந்துதான் புத்தூர்ப் பக்கம் நாங்கள் கொடிகளுக்கு அடிப்போம். இலையில் பூஞ்சணம் பிடிக்காது. அன்று இன்னும் சுண்ணாம்பு கலக்கவில்லை.

அதைப் போய் முகத்தில் பூசுவார்களா?

இரண்டு மாதத்துக்கு முன் மங்கை வடை சுடும்போது எண்ணெய் தெறித்தது. புண் ஆறிவிட்டது; கன்னத்தில் கறுப்புத் தழும்பு நின்றுவிட்டது. அடுத்த மாதம் மகளுக்குக் கலியாணம். கனடாவில் இருக்கும் என் தங்கை கேள்விப்பட்டு ஒரு சின்னப் போத்தல் அனுப்பினாள். உள்ளே நீல நிறத்தில் ஒரு சீரம். பெயர் காப்பர் பெப்டைட். தோலைத் திருத்துமாம், சுருக்கத்தையும் குறைக்குமாம். மங்கை நாளுக்கொரு சொட்டாக, கோயில் தீர்த்தம் மாதிரிப் பயபக்தியோடு பூசினாள். தழும்பு கொஞ்சம் மங்கியது — அல்லது எங்களுக்கு அப்படித் தோன்றியது. போத்தல் முடிந்துவிட்டது.

"காப்பர் எண்டால் செம்புதானே? உந்த வாளியிலையும் செம்புதானே? அதுவும் நீலம், உதுவும் நீலம்!" என்றாள்.

"முப்பது வருசமா உதுக்குள்ளைதான் கை வைக்கிறன். என்ரை கையைப் பாரும்."

வெடித்துக் காய்ந்த கையைப் பார்த்தாள். "அது உங்கடை கை. முதலே அப்பிடித்தான்."

வாயால் வெல்ல முடியாது. மருந்து கலக்கும்போது நாங்கள் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. பழைய இரும்புக் கத்தியை அவளுடைய கிண்ணத்துக்குள் விட்டேன். சற்றுப் பொறுத்து எடுத்தால், அலகு முழுக்கச் செம்பு ஏறிச் சிவந்திருந்தது.

"கத்தி இப்பிடிச் சிவந்தால் சுண்ணாம்பு காணாது, இன்னும் போடவேணும். அடிச்சால் இலை கருகும். இலைக்கே இப்பிடியெண்டால், உம்மடை கன்னம்?"

பஞ்சைக் கீழே போட்டாள். ஆனால்... "அப்ப இந்தத் தழும்போடை நான் கலியாணப் படம் எடுக்க நிக்கமாட்டன். பந்திப் பக்கம் நிண்டு ஆக்களைக் கவனிக்கிறன்" என்று எழுந்து போய்விட்டாள்.

மகளின் கலியாணப் படத்தில் தாய் இல்லையா? மனம் கேட்கவில்லை. வெறும் போத்தலோடு சந்தியில் உள்ள ஆங்கில மருந்துக்கடைக்குப் போனேன். மற்ற ஆட்கள் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு, அங்கே வேலை செய்யும் பெண்பிள்ளையிடம் நீட்டினேன்.

"அண்ணை, இது எங்கடை ரத்தத்திலையும் இருக்கிற சாமான்தான். புரதத்தின்ரை சின்னத் துண்டு ஒண்டு செம்பைப் பிடிச்சு வைச்சிருக்கும். வயசு போகப் போகக் குறையும். புண் ஆற, தோல் இறுக உதவுமெண்டு ஆராய்ச்சி செய்யினம். ஆனால் மனிசரிலை செய்து பாத்தது கொஞ்சம்தான். தழும்பு முழுக்கப் போகுமெண்டு நான் சொல்லமாட்டன்."

"அப்ப மயில்துத்தம், தங்கச்சி?"

"ஐயோ அண்ணை, தோல் வெந்துபோடும்! அதிலை செம்பைப் பிடிச்சு வைக்க ஆளில்லையே."

அட! எங்கள் வாளியில் சுண்ணாம்பு பார்க்கிற வேலையைப் போத்தலில் பெப்டைட் பார்க்கிறது. பிடித்து வைக்க ஆளிருந்தால் மருந்து, இல்லாவிட்டால் நெருப்பு — எனக்கு விளங்கியது இவ்வளவுதான்.

வரும் வழியெல்லாம் யோசனை. என் நோய் அதற்கு நேர்மாறானது அல்லவா? கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் மங்கையின் அழகைப் பற்றி ஒரு சொல்லைப் பிடித்தே வைத்திருக்கிறேன். ஒரு சொட்டுக்கூட வெளியே விட்டதில்லை.

பின்னேரம் மருந்தடித்து, குளித்து, குசினி வாசலில் போய் நின்றேன். மங்கை அரிதட்டில் மா சலித்துக்கொண்டிருந்தாள்.

"படத்துக்கு நீர் எனக்குப் பக்கத்திலை, முன்னுக்கு நிக்கவேணும். நீர்... வடிவாத்தான் இருக்கிறீர்."

அரிதட்டு நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மருந்தடிக்கேக்கை முகத்துக்குத் துணி கட்டேல்லையோ? மணம் தலைக்கு ஏறீட்டுதோ?"

நான் நிலத்தைப் பார்த்தேன். அரிதட்டு மறுபடி ஆடத் தொடங்கியது.

"சரி, நிக்கிறன். நீங்கள் உந்தக் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நில்லுங்கோ!"