துணி சுற்றிய வளையல்கள்

ஏரியூர்ப் பக்கம் அக்காவின் காட்டில் வேலி அடைக்கும்போது மாமாவின் குதிகாலில் முள் ஏறியது. அக்கா எருக்கம்பால் வைத்தாள், முள் வெளியே வந்தது, எல்லோரும் மறந்துபோனோம். ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னதற்கு மாமா சிரித்தார். "துருப்புடிச்ச ஆணியா குத்துச்சு? முள்ளுக்கெல்லாம் ஊசி போட்டா ஆஸ்பத்திரியிலதான் வூடு கட்டோணும்."

ஒரு வாரம் போயிருக்கும். சோறு வாய்க்குள் நுழையவில்லை. கடைவாய்ப் பல் என்று கிராம்பு வைத்தோம். பிறகு கழுத்து மரக்கட்டை ஆனது.

தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவர் முகம் சிரித்தபடி இருந்தது. "பாருங்க, சிரிக்கிறான், ஒண்ணுமில்ல" என்றார் மாமாவின் அக்கா, என் அக்காவின் நாத்தனார். டாக்டர் சிரிக்கவில்லை. தசைகள் இழுத்துப் பிடித்ததில் வந்த முகம் அது என்றார். டெட்டனஸ்.

தனி அறை. ஜன்னலுக்குப் பச்சைத் துணி. சத்தமோ வெளிச்சமோ பட்டால் உடம்பு இழுக்கும், மூச்சு நின்றுவிடலாம், ஆனால் நினைவு மட்டும் தெளிவாக இருக்கும் என்று சொல்லி உள்ளே விட்டார்கள். நான் ஓரிடத்தில் நிற்காத ஆள், வாய் ஓயாத ஆள். அந்த இருட்டில் எச்சில் விழுங்கவும் பயந்து நின்றேன்.

அக்கா அவர் வாயோரம் துடைக்கக் குனிந்தாள். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். சிலீரென்று ஒரு சின்னச் சத்தம்தான். மாமாவின் முதுகு கட்டிலை விட்டு எழும்பி வில்லாக நின்றது. பல்லுக்கிடையே ரத்தம். கண்கள் மட்டும் அக்காவையே பார்த்தன.

நர்ஸ் எங்களை வெளியே அழைத்துவந்தார். "வளையலக் கழட்டிட்டு உள்ள வாங்கம்மா."

நாத்தனார் பொங்கிவிட்டார். "புருசன் மூச்சோட இருக்கறப்ப எவளாச்சும் வளையலக் கழட்டுவாளா? என் தம்பிய இப்பவே பொணமாக்கப் பாக்கறீங்களா?"

"அந்தச் சத்தமே அவர முடிச்சுரும்போல இருக்குதுங்க" என்றேன்.

"நீ பேசாத. கவிதை எழுதறவனுக்கு என்ன தெரியும்?"

அக்கா யாரையும் பார்க்கவில்லை. கழற்றினால் தன் கையாலேயே அவரை அனுப்பியது போல. கழற்றாவிட்டால் அந்த அறைக்குள் அவளுக்கு இடமில்லை. சுவரில் சாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு நர்ஸிடம் கேட்டாள்: "காயத்துக்குச் சுத்தற துணி கொஞ்சம் குடு கண்ணு."

வளையல்களின் மேலேயே சுற்றினாள். இறுக்கி, முழங்கை வரைக்கும். கையை உதறிப் பார்த்தாள். சத்தமில்லை. நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டாக்டர் வந்தா யாரு பேஷண்ட்டுனு கேக்கப்போறாரு."

அந்தக் கைகளோடுதான் மற்றதையெல்லாம் பார்த்தாள். தொண்டை இறுகி, கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். மெஷின் மூச்சு விட்டது. ரத்த அழுத்தம் ஏறுவதும் விழுவதுமாக இருந்தது. நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல். இழுத்த இழுப்பில் முதுகெலும்பு ஒன்று நசுங்கியிருந்தது. ஒரு முள் முனையில் இருந்ததெல்லாம் இதுவா என்று வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பேன். இவ்வளவையும் அவர் தெரிந்தே தாங்கிக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு காலை நிற்கவிடவில்லை.

வாரங்கள் கழித்து இழுப்பு தளர்ந்தது. குழாயை எடுத்தார்கள். குரல் உடைந்து வந்தது.

கிளம்பும் நாளில் தடுப்பூசி போட்டார்கள். "வந்துபோன நோய்க்கு எதுக்குங்க?" என்று கேட்டேன். "அம்மை மாதிரி இல்லீங்க இது. வந்துட்டுப் போனாலும் உடம்பு கத்துக்காது. மிச்ச ஊசிக்கும் தவறாம வரணும்" என்றார் டாக்டர். உடம்பு எதையும் மறப்பதில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியவன் நான். இத்தனை பாடுபட்ட உடம்பிடம் இந்த நோயைப் பற்றி ஒரு பாடமும் இல்லை. கேட்டதும் என் வரிகள் எல்லாம் லேசாகிப்போயின.

பெல்ட் போட்ட முதுகோடு மாமா வாசலுக்கு வந்தார். வேனுக்குள் ஏறக் காலை வைக்கும்போது பின்னாலிருந்து ஒரு டவுன் பஸ் காதைக் கிழிக்கிற மாதிரி ஹார்ன் அடித்தது. அக்கா பாய்ந்து அவர் தோளைப் பிடித்தாள். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லோர் கண்ணும் அவர் முதுகின் மேல்.

முதுகு அசையவில்லை.

"என்னத்தப் பாக்கறீங்க?" என்றார் மாமா, உடைந்த குரலில். "ஏறுங்க, வூட்டுக்குப் போலாம்."