முழங்காலுக்கு வந்த தண்ணீர்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஞாபகமும் அங்கங்கே ஓட்டை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்த புதிது. என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. இரும்புத்தாது ஏற்ற வந்த ஜப்பான் கப்பலின் சமையல்காரன் அவருக்குத் தோஸ்து. அவன் கொடுத்தான் என்று ஒருநாள் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தார். அவன் ஊரில் நெருப்பு மலை இருக்கிறதாம். அடிவாரத்தில் தண்ணீர் தானாகக் கொதித்து வருமாம். மூட்டுவலிக்காரர்கள் ரூம் எடுத்துத் தங்கி, அதில் கழுத்தளவு உட்கார்ந்திருப்பார்களாம். பசித்தால் அதிலேயே முட்டை வேகவைத்துத் தின்பார்களாம்.

என் மாமியாருக்கு முழங்கால் வலி. மாதா திருவிழாவில் தேர் பின்னால் நடக்க வேண்டும், அவருக்கு அது ஒன்றுதான் ஆசை. வாசல்படி இறங்கவே சுவரைப் பிடிப்பார்.

"யம்மா, இத கால்ல ஊத்திக்கினா வலி பூடும்" என்றார் மகன்.

மாமியார் பாட்டிலைத் திருப்பினார். லேபிளில் ஒரு பெண். கண்மூடி, தலையில் வெள்ளைத் துணி, சுற்றிலும் ஆவி. எனக்குக் குளிக்கிறவள் மாதிரிதான் தெரிந்தது. அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"டேய், மாதா தண்ணிடா இது! கால்ல ஊத்தச் சொல்றியே, இன்னா புள்ள நீ?"

"அந்தம்மா குளிச்சிகினு கீதும்மா."

"வாய மூடு. நாக்கு அழுகிடும்."

பாட்டில் வீட்டு மாதா பீடத்தில் ஏறியது. முன்னால் மெழுகுவத்தி. கால் மட்டும் அப்படியே.

வாயைத் திறக்க எனக்குப் பயம். ஆனால் தினமும் அவர் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது நான்தான். அவர் கண்மூடி ஜெபமாலை சொல்லும்போது அரை டம்ளர் எடுத்து வெந்நீரில் கலந்தேன். எடுத்த அளவுக்குப் பாட்டிலில் குழாய்த் தண்ணீர் ஊற்றினேன்.

"இன்னாமே, கூமுட்டை ஒடைச்சியா? இப்டி நாறுது!"

"பக்கத்து வூட்ல அத்தே" என்றேன். பாவம், அவள் கோழியே வளர்க்கவில்லை.

கொஞ்ச நாளில் பாட்டில் முழுக்கக் குழாய்த் தண்ணீர்தான். திருவிழா அன்று மாமியார், வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தாலும், தேர் பின்னால் கோயில்வரை நடந்துவிட்டார். ஒத்தடமா, மலையா, மெழுகுவத்தியா, யார் கண்டது? எல்லாம் பீடத்துப் பாட்டில் செய்த புதுமை, அற்புதம் என்று அவர் முடிவு பண்ணிவிட்டார். தெருவே வரிசையில் நின்றது. ஆளுக்கு ஒரு ஸ்பூன். "இன்னா ருசி!" என்று என் நாத்தனார் மூன்று ஸ்பூன் வாங்கிக் குடித்தாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வலித்தது இடது காலா வலது காலா என்பது மறந்துவிட்டது. நாத்தனாருக்குத்தான் எல்லாம் ஞாபகம். யாராவது அவளிடம் கேட்டுச் சரிபார்த்து விடுங்கள். குழாய்த் தண்ணீர் சமாச்சாரத்தை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.