கோபினா சாகவில்லை என்று எழுதிய கடிதங்கள்

கோபினா பைடூவை என் காரில் ஏற்றிக்கொண்டு பதினொரு வருஷம் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ரானுயிப் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி அவர் வீடு. இருவருக்கும் மங்கரேயில், விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கொட்டகையில் வேலை. அவர் கானா நாட்டுக்காரர், நான் யாழ்ப்பாணத்துக்காரன். எங்கள் கதையெல்லாம் இங்கிலீசில்தான் நடக்கும். இங்கே என் வசதிக்கு அவரையும் என்னைப் போலவே பேச விடுகிறேன்.

அந்தப் பதினொரு வருஷமும் அந்த மனிதர் டாஷ்போர்டில் தட்டிக்கொண்டே வந்தார். வலக்கை ஒரு தட்டு, இடக்கை வேறொரு தட்டு, குதிகால் இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் மூன்றாவது ஒன்று. மோட்டர்வேயில் வாகனங்கள் அசையாமல் நிற்கும்போது அதைக் கேட்டுக்கொண்டிருப்பது பெரிய சோதனை.

"கோபினா, கொஞ்சம் நிப்பாட்டுறியளோ?"

"எதை?"

தான் தட்டுவது அவருக்கே தெரியாது. "முந்தி என்ன தொழில் செய்தனீங்கள்?" என்று நான் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இதில் யார்மேல் எனக்குக் கூடுதல் எரிச்சல் என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

இரண்டு பேரும் ஓய்வுபெற்ற பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. என் மகள் கஜானிக்குப் பழைய இசைத்தட்டுகளில் பைத்தியம். ஒரு நாள் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். 1974இல் கானாவில் பதிவு செய்த பாட்டுகளை ஐரோப்பாவில் ஒரு கம்பனி மறுபடியும் வெளியிட்டிருந்தது. 'சிக்ஸ் கிரேன்ஸ்' என்று ஒரு குழு. உள்ளே ஒரு சின்னப் புத்தகம், அதில் ஒரு படம். டிரம்ஸ் செட்டுக்குப் பின்னால் ஒரு இளைஞன், பாதி முகத்தைத் தாளத்தட்டு மறைத்திருந்தது. மீதிப் பாதியில் நாக்கு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, லுக். திஸ் இஸ் கோபி அங்கிள்."

கொட்டகையில் பெட்டி லேபிள்களை வாசிக்கும்போது கோபினா இப்படித்தான் நாக்கைக் கடிப்பார். படத்துக்குக் கீழே அவர் பெயரும் சரியாக இருந்தது. மேற்கு ஆப்பிரிக்க டிரம்ஸ் வாசிப்பையே மாற்றிய முன்னோடி என்று இரண்டு பக்கம் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். கடைசி வரி: பிறப்பு 1950, இறப்பு 1983.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு கோபினா வீட்டுக்கு ஓடினேன். ஏணியில் நின்று கூரைப் பீலியில் அடைத்திருந்த சருகை அள்ளிக்கொண்டிருந்தார்.

"இது நீங்கள்தானே?"

கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தார். "ஓம்."

"செத்துப் போனியள் எண்டு போட்டிருக்கு."

"ஓம், அது பழைய பிரச்சினை," என்றார், இன்னொரு பிடி சருகைக் கீழே போட்டபடி.

அன்று அவர்கள் வீட்டுக் குசினியில் அவர் கதையைக் கேட்டேன். கேட்டேன் என்பதைவிடப் பிடுங்கி எடுத்தேன் என்பதே பொருந்தும். அவர் விட்ட இடங்களையெல்லாம் மனைவி எசிதான் நிரப்பினார். எசி இங்கே ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர்.

கோபினா பிறந்தது செக்கொண்டி என்ற துறைமுக ஊரில். தகப்பன் ரயில்வேப் பட்டறையில் பிட்டர். மகனும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். பின்னேரங்களில் சிக்ஸ் கிரேன்ஸில் டிரம்ஸ். அந்தக் காலத்தில் அந்த மாதிரிக் குழுக்களில் டிரம்ஸ்காரர் சும்மா தாளம் பிடிப்பவர்தானாம். பாட்டை நடத்துவது பக்கத்தில் நிற்கும் மூன்று பேர். ஒருவர் இரும்பு மணி, ஒருவர் கிலுக்கு, ஒருவர் கைமேளம்.

ஒரு கலியாண வீட்டுக்கு அந்த மூன்று பேரும் வரவில்லை. அவர்கள் வந்த லொறி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. குழுத் தலைவர் அமிசா மேடையில் தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு விசர் பிடிச்சிட்டுது," என்றார் கோபினா. "சனம் ஆட எழும்பி நிக்குது. மணியை இடக்கைக்குக் குடுத்தன். மேளத்தை வலக்கைக்கு. கிலுக்கைக் காலுக்கு. வேற என்ன செய்யிறது?"

அன்று நாலு பேரின் வேலையை ஒருவர் செய்தார். அது கேட்பதற்கு நாலு பேர் வாசித்ததுபோலவும் இல்லை, புதிதாக ஒன்றாக இருந்தது. அடுத்த மாதமே பக்கத்து ஊர்களின் டிரம்ஸ்காரர்கள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து அவர் கையையே பார்க்கத் தொடங்கினார்கள். அந்த வாசிப்பைத்தான் புத்தகம் புரட்சி என்று எழுதியிருக்கிறது. மணி அடித்தவர் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி. இடம் போன கோபத்தில் அவர் சாகும்வரை கோபினாவோடு கதைக்கவில்லை.

"நான் ஒண்டையும் கண்டுபிடிக்கேல்லை, தியா. மூண்டு பேர் நேரத்துக்கு வரேல்லை, அவ்வளவுதான்," என்றார். என் பெயரை அவர் அப்படித்தான் சுருக்குவார்.

எண்பத்திரண்டில் ஊரடங்கு வந்தது. இரவில் வெளியே போக முடியாத ஊரில் ஆட்டப் பாட்டுக் குழு எப்படிப் பிழைக்கும்? இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கோபினா நைஜீரியாவுக்குப் போனார். அடுத்த வருஷம் நைஜீரியா கானாக்காரர் எல்லாரையும் வெளியேறச் சொன்னது. லொறி லொறியாகச் சனம் திரும்பியது. வழியில் ஒரு ஊரில் டிரைவரோடு வாய்ச்சண்டை போட்டுக் கோபினா இறங்கிவிட்டார். பை மட்டும் லொறியோடு போனது. அந்த லொறி கவிழ்ந்தது. பையில் அவர் பெயர் இருந்தது. பத்திரிகையில் போட்டுவிட்டார்கள்.

மூன்று கிழமை கழித்து அவர் நடந்தும் ஏறியும் ஊர் வந்து சேர்ந்தபோது, அமிசா செத்தவீட்டுச் சடங்கை நடத்தி, அஞ்சலிப் பாட்டும் பாடி முடித்திருந்தார். டிரம்ஸில் புதிய ஆள் உட்கார்ந்திருந்தார்.

"எங்கட அழுகையெல்லாம் முடிஞ்சுது, இப்ப வந்து நிக்கிறாய் எண்டு என்னைப் பேசினார்."

கோபினாவும் கோபத்தில் திரும்பி நடந்துவிட்டார். ரயில்வேப் பட்டறைக்கே போனார். பிறகு எசிக்கு இங்கே வேலை கிடைத்து ஆக்லாந்துக்கு வந்தார்கள். அமிசாவிடமிருந்து திரும்பி நடந்த நாளிலிருந்து ஒரு டிரம்ஸ் தடியைக்கூடக் கையில் எடுக்கவில்லை.

"நாப்பது வருசமா ஒரு பேயோட குடும்பம் நடத்துறன்," என்றார் எசி.

நான் கம்பனிக்கு எழுதினேன். ஐயா, நீங்கள் சாகடித்த மனிதர் எங்கள் தெருவில் இருக்கிறார், நேற்றுப் பீலி சுத்தம் செய்தார் என்று. ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம் என்றது அது. துயரமா? மறுபடி எழுதினேன். குழுத் தலைவரின் குடும்பத்திடம் உறுதிக் கடிதம் கேட்டார்கள். அமிசா இறந்துவிட்டார். அவருடைய மகனைக் கஜானி தேடிப் பிடித்தாள். அப்பாவே முன்னின்று சடங்கு நடத்தினார், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று அவர் சத்தியம் செய்தார்.

கோபினாவின் பாஸ்போர்ட்டையும் லைசென்சையும் படம் எடுத்து அனுப்பினேன். அதற்கு வந்த பதிலை வாசித்து மேசையில் குத்தினேன். இந்தப் பெயரில் ஒருவர் நியூசிலாந்தில் வாழ்கிறார் என்பதை ஏற்கிறோம், அவர்தான் அந்த டிரம்ஸ்காரர் என்பதற்கு இது சான்றாகாது.

"ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோவன். கஜானி வீடியோ எடுத்து அனுப்புவாள்," என்றேன் கோபினாவிடம்.

"எழுபத்திமூண்டு வயசில நான் சோதினை எழுத மாட்டன்."

"அப்ப செத்தவராவே இருக்கப் போறியளோ?"

"ஏன், இவ்வளவு நாளும் இருந்தனான்தானே?"

இப்படிப்பட்ட மனிதருக்கு எப்படி உதவுவது? இனிக் கடிதம் எழுதவே மாட்டேன் என்று ரதிதேவியிடம் சொன்னேன். என் மனைவி அதை நம்பவில்லை.

அடுத்த வருஷம் கஜானி ஒரு அறிவிப்போடு வந்தாள். நகரத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அதே இசைத்தட்டைப் பற்றி ஒரு விரிவுரையாளர் பேசப் போகிறாராம். இலவச அனுமதி. கோபினா வரமாட்டேன் என்றார். எசி அவருடைய சப்பாத்தைக் கொண்டுவந்து காலடியில் போட்டார். கோபினா மறுபேச்சில்லாமல் காரில் ஏறினார்.

அறுபது பேர் இருந்திருப்பார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். விரிவுரையாளர் நல்ல மனிதர், வேலையை நேசிப்பவர் என்பது பார்த்ததும் தெரிந்தது. மேடையில் ஒரு டிரம்ஸ் செட் வைத்து, மாணவி ஒருத்தியை அந்த வாசிப்பைச் செய்துகாட்ட வைத்தார். அவள் மணியின் தாளத்தை வலக்கையில் வாசித்தாள். கோபினா கதிரையில் நெளிந்தார்.

பிறகு நாலாவது பாட்டைப் போட்டார்கள். பாட்டின் நடுவில் டிரம்ஸ் திடீரென்று நிற்கும், இரண்டு தட்டு நேரம் ஒன்றுமே இருக்காது, பிறகு வேறொரு நடையில் தொடங்கும். விரிவுரையாளர் பாட்டை நிறுத்தினார். ராணுவ ஆட்சியில் வாய் திறக்க முடியாத ஒரு மக்களின் மௌனம் இது என்றார். இதை எண்ணிப் பார்த்து, திட்டமிட்டு வைத்திருக்கிறார் மறைந்த கோபினா பைடூ என்றார்.

"பெடல் வார் அறுந்தது," என்று பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

அறுபது தலைகள் திரும்பின. கோபினா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"கால் பெடலின்ர தோல் வார். பழசு. அறுந்து போச்சு. என்ர காலைப் பாத்தன், அதுதான் அந்த இடைவெளி. பிறகு பேஸ் டிரம் இல்லாமல் மிச்சத்தை வாசிச்சன், அதுதான் நடை மாறினது. திருப்பிப் பதிய டேப் இல்லை எண்டிட்டினம். மௌனமாம் மௌனம்!"

விரிவுரையாளர் மேடை விளிம்புக்கு வந்தார். "மன்னிக்கவும், நீங்கள் யார்?"

"செத்தவன்."

யாரோ சிரித்தார்கள். கோபினா சிரிக்கவில்லை. நடு வழியால் நேரே மேடைக்கு நடந்தார். அந்தப் பிள்ளையிடம், "பிழை உன்னில இல்லை, உனக்குப் பிழையாச் சொல்லித் தந்திட்டினம்," என்றார். ஆசனத்தை இறக்கினார், தாளத்தட்டுகளை இடம் மாற்றினார், நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு தொடங்கினார்.

முதலில் சரிவரவில்லை. இடக்கை பின்தங்கியது. நிறுத்தினார், தன் பாஷையில் ஏதோ திட்டினார். எசி முகத்தைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது தடவையும் குழம்பியது. மூன்றாவது தடவை வலக்கை ஒன்று சொல்ல, இடக்கை மறுத்துச் சொல்ல, கால் இரண்டையும் பொருட்படுத்தாமல் தன் வழியில் போயிற்று. நாலு பேர் ஒரே அறையில் சண்டைபிடித்துக்கொண்டே ஒன்றாக நடப்பது மாதிரி இருந்தது. மூன்று நிமிடம்தான். அதற்குமேல் மூச்சு வாங்கியது. தடிகளை அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு இறங்கி வந்தார். சனம் எழுந்து நின்று கை தட்டியது.

"எட வீட்டை போவம்," என்றார் என்னிடம். காருக்கு அவரே முன்னால் நடந்தார். அவர் பக்கத்துக் கதவை அன்று நான்தான் திறந்துவிட்டேன்.

விரிவுரையாளர் வீடியோவைக் கம்பனிக்கு அனுப்பினார். என் ஒன்பது கடிதங்களுக்கு அசையாதவர்கள் அவருடைய ஒரு கடிதத்துக்கு இரண்டு நாளில் பதில் எழுதினார்கள். மன்னிப்புக் கேட்டார்கள். இரண்டாம் பதிப்பில் புத்தகத்தைத் திருத்தி, தபாலில் நாலு பிரதி அனுப்பினார்கள். பெயர் சரி. பிறந்த வருஷம் சரி. இறந்த வருஷம் இல்லை. "இறந்துவிட்டதாக நீண்டகாலம் நம்பப்பட்ட பைடூ, இப்போது அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஓக்லண்டில் வசிக்கிறார்" என்று இருந்தது.

ஆக்லாந்துக்கும் ஓக்லண்டுக்கும் வித்தியாசம் தெரியாத மடையர்களுக்குப் பத்தாவது கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கோபினா வந்து கணினி மூடியை இறக்கினார்.

"விடுங்கோ, தியா. உயிரோட இருக்கிறன் எண்டு ஒத்துக்கொண்டிட்டினம். அட்ரஸைப் பிறகு பாப்பம்."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ரானுயியில் சமோவாக்காரரின் கிறிஸ்தவ சபை ஒன்றில் அவர் டிரம்ஸ் வாசிக்கிறார். விரிவுரைக்கு வந்திருந்த ஒருவர் அங்கே போய் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கோபினாவுக்கு இப்போது கார் ஓட்டக் கண் சரியில்லை, எசிக்கு முழங்கால் வலி. ஆகவே சைவக்காரனான நான் வாரா வாரம் அவரைத் தேவாலய வாசலில் இறக்கி, முடியும்வரை காருக்குள் காத்திருக்கிறேன். முதல் ஞாயிறு முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"பேஸ் கிட்டார்காரன் அரை மணித்தியாலம் பிந்தி வாறான். பாடுற ஆக்கள் இழுத்து இழுத்துப் பாடுகினம். ஒருத்தருக்கும் காலம் எண்டால் என்னெண்டு தெரியாது!"

"அப்ப அடுத்த கிழமை போக மாட்டியள்?"

"போகாமல்? முந்தி அடிச்சவர் ஆஸ்திரேலியாவுக்குப் போட்டார். வேற ஆர் இருக்கினம்?" என்று சீட் பெல்ட்டை இழுத்துப் பூட்டினார். "ஒன்பதே காலுக்கு வாங்கோ. இண்டைக்கு நீங்களும் பிந்தித்தான் வந்தனீங்கள்."